கஞ்சியக்கா சொத்துப் பிரித்த கதை

கஞ்சியக்கா என்ற பெயரைக் கேட்டதும் ஆளைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அது கஞ்சத்தனத்தால் வந்த பெயர் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்குக் கஞ்சி போடும் பொறுப்பை அவரிடம் விட்டார்கள். அக்காவுக்குத் தாராளமான கை. அவர் கஞ்சி போட்ட கோட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்தால் டாக்டர் இன்னும் உட்கார்ந்திருப்பதாக நினைத்து நோயாளிகள் வியாதியைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்று சலவைப் பிரிவில் ஒரு பேச்சு உண்டு. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

உறவுக்காரர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன் அர்த்தம் திரிந்துவிட்டது. தனி ஆள், இரண்டு அறை உள்ள சின்ன வீடு, அறுந்தால்தான் புதுச் செருப்பு. கஞ்சம் பிடித்துத்தான் கஞ்சியக்கா என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். அக்கா அதைத் திருத்தப் போகவில்லை. கைமாற்றுக் கேட்டு யாரும் வாசலுக்கு வராமல் இருக்க அந்தப் பெயர் நன்றாகவே உதவியது.

அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு அக்காவைப் பிடிக்கவில்லை, இன்னொருவரை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. கணக்கு நேராகிவிட்டது என்று விட்டுவிட்டார். அப்பா சின்ன வயதிலேயே போய்விட, அம்மாவைக் கடைசிவரை அவர்தான் வைத்துப் பார்த்தார். கூடப் பிறந்தது ஒரே தம்பி. நாலு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு ஒரு மனைவி, கல்லூரியில் படிக்கும் ஒரு மகள்.

சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஓய்வுக்கால நிதிக்கென்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வேலையை விட்டு வந்த பிறகு நிதி அலுவலகத்திலிருந்து தொகையைத் தெரிவித்தபோது, இது தன்னுடையதுதானா அல்லது மேற்பார்வையாளர் பணத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டார்களா என்று சந்தேகப்பட்டு ஒரு தரம் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அவருடையதுதான்.

பணம் இருப்பது தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தம்பி மனைவிக்குத் தன் சமையலறையில் புது அலமாரிகள் போட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதை அவள் நேராகக் கேட்கவில்லை. அக்கா வரும்போதெல்லாம் பழைய அலமாரிக் கதவை ஒரு தடவை திறந்து, அது கீழே தொங்குவதைக் காட்டி, பெருமூச்சுடன் மூடுவாள். தம்பி மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அக்காவும் பணத்தைப் பற்றி நினைக்கவில்லை. அவருக்கு முதுகு வலி. ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து வாரி வாரி எடுத்த முதுகு, வேலை நின்றதும் தனக்கும் ஓய்வு வேண்டும் என்று படுத்துவிட்டது. மாத்திரை எழுதுவார் என்று போனால் டாக்டர், "நீச்சல் கத்துக்கங்க" என்றார்.

"இந்த வயசுலயா?"

"தண்ணிக்கு உங்க வயசு தெரியாது."

நகரத்துப் பொது நீச்சல் குளம் கண்ணாடிக் கூரை போட்ட பழைய கட்டடம். காலை வேளையில் பெண்களுக்கு மட்டும் வகுப்பு. ஒரு நீச்சல் சங்கம் தொண்டு அமைப்பாகப் பதிவு செய்துகொண்டு அதை நடத்தி வந்தது. அக்கா முழங்கால்வரை வரும் நீச்சல் உடை ஒன்றை வாங்கி, உடை மாற்றும் அறையில் அதற்குள் தன்னைத் திணித்துக்கொண்டு நிமிர்ந்தார். கண்ணாடியில் ஒரு நீர்நாய் நின்றது. கொஞ்சம் வயதான நீர்நாய். வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசித்தார். உடையைக் கழற்றுவது போட்டதைவிடக் கஷ்டம் என்று தோன்றியதால் குளத்துக்கே போனார்.

கற்றுக்கொடுத்தவள் முப்பது வயதுப் பெண். அவள் குரலே விசில் மாதிரி இருந்ததால் எல்லோரும் அவளை விசில் என்றே கூப்பிட்டார்கள். அக்கா தண்ணீரில் இறங்கியதும் இரண்டு கையாலும் அதைப் போட்டு அடி அடியென்று அடித்தார்.

"அம்மா, தண்ணி உங்களை ஒண்ணும் பண்ணல. நீங்கதான் அதை அடிக்கிறீங்க" என்றாள் விசில்.

"பழக்கம்மா. இத்தனை வருஷமா எனக்குத் தண்ணின்னா வேலைதான்."

"இங்க வேலை எதுவும் இல்ல. சும்மா படுங்க. பின்னந்தலைக்கு என் கை இருக்கு."

சும்மா படுக்கத்தான் அக்காவுக்குத் தெரியவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறியது, காதில் ஏறியது, கோபம் தலைக்கேறியது. ஆனால் கட்டிய பணம் வீணாகக் கூடாது என்று தொடர்ந்து போனார். ஒரு காலையில் விசிலின் கை எப்போது விலகியது என்றே தெரியவில்லை. அக்கா மல்லாந்து கிடந்தார். மேலே கண்ணாடிக் கூரை வழியே வெயில் விழுந்தது. காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்ததால் உலகத்தில் யாரும் யாரையும் கூப்பிடாத மாதிரி ஓர் அமைதி. அவருடைய முதுகு வாழ்க்கையில் முதல் தடவையாக எந்தப் பாரமும் இல்லாமல் கிடந்தது. எழுந்தபோது அக்கா சிரித்துக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று திரும்பி வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் கூட வேலை பார்த்த ஜோடியைப் பார்த்தார். பெரிய போர்வையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, முன்னால் நடந்து வந்து சேர வேண்டும். அக்காவுக்கு எதிர்முனை பிடித்தவள் இவள். அதனால் சலவைப் பிரிவில் அவள் பெயர் ஜோடி. அக்காவைவிட நாலைந்து வயது சின்னவள், இன்னும் வேலையில் இருந்தாள்.

"என்னக்கா, முகமெல்லாம் பளபளன்னு இருக்கு?"

"மிதந்துட்டு வரேன்டி. நீயும் வா. முதுகுக்கு அவ்வளவு சுகமா இருக்கு."

ஜோடி கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள். அக்கா சொன்னார். ஜோடி சிரித்தாள். கசப்பில்லாத சிரிப்பு. "அதுல எங்க வீட்டுக்கு அரை மாசச் சாமான் வாங்கிடுவேன். நீங்க எனக்கும் சேர்த்து மிதங்கக்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அக்காவுக்கு அந்தப் பேச்சு காலில் குத்திய முள் மாதிரி நின்றுவிட்டது. சலவைப் பிரிவில் ஒவ்வொருத்தியையும் நினைத்துப் பார்த்தார். விடிந்ததிலிருந்து முழங்கைவரை சுடுதண்ணீரில் நின்றவர்கள். ஒருத்திக்காவது கழுத்துவரை தண்ணீரில் சும்மா நிற்கும் பாக்கியம் கிடைத்திருக்குமா? பிறகு அவருக்குத் தன் ஓய்வுக்கால நிதி ஞாபகம் வந்தது. பல மாதங்களில் அதை அவர் ஆசையோடு நினைத்தது அப்போதுதான்.

அடுத்த வாரம் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தார். செருப்புத் தைக்கும் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். வக்கீலம்மா தலையில் ஏற்றி வைத்த கண்ணாடியை மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா அதைச் சுட்டிக்காட்டினார். அதிலேயே இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

"உங்களுக்குப் பிறகு யாருக்குன்னு நினைச்சிருக்கீங்க?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"எனக்குப் பிறகு இருக்கட்டும்மா. நான் இருக்கும்போதே கொஞ்சம் குடுக்கலாமா? குடுக்கறதைக் கண்ணால பார்க்கணும்."

அக்கா விவரம் சொன்னார். சலவைக்காரிகள், துப்புரவு செய்கிறவர்கள், ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், இவர்களுக்கு இலவச நீச்சல் வகுப்பு. விசிலுக்குச் சம்பளம், நீச்சல் உடைகள், குளத்து வாடகை எல்லாம் சேர்த்து. மொத்தப் பணத்தையும் சங்கத்துக்கே எழுதி வைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "முதல் பங்கு உங்களுக்கு. ஊருக்கெல்லாம் தானம் பண்ணிட்டு நாளைக்கு மருந்து வாங்க நீங்க தம்பி முகத்தைப் பார்த்துட்டு நிக்கக் கூடாது. படுத்துட்டா யார் பார்த்துப்பாங்க, அதுக்கு என்ன செலவாகும், அதைத் தனியா எடுத்து வைங்க. மிச்சத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

மிச்சமும் கணிசமாகவே இருந்தது. அதிலிருந்து ஒரு பகுதி இப்போதே வகுப்புக்கு. அக்கா தனக்கென்று வைத்துக்கொள்ளும் பங்கில் கடைசியில் எது மீதியோ அதுவும் வகுப்புக்கு. வீடு தம்பி மகளுக்கு.

"நிதிப் பணத்தைக் கையில வாங்கி அப்புறம் தானம் பண்ணினா நடுவுல வரி வந்து உட்காரும். நிதியிலிருந்து நேரா சங்கத்துக்கே போற மாதிரி ஏற்பாடு பண்ணினா அந்தத் தொல்லை கம்மி. குடும்பத்துக்கு வீட்டைக் குடுங்க, அதுல இந்த இழுபறி இல்ல" என்றார் வக்கீலம்மா.

"புரியுது. வெள்ளைத் துணி ஒரு மெஷின்ல, சாயம் போறது ஒரு மெஷின்ல."

வக்கீலம்மாவுக்கு அது பிடித்துப்போனது. "அடுத்த ஆளுக்கு நான் இதையே சொல்றேன்" என்றார். பிறகு, "உயில் மட்டும் எழுதினாப் பத்தாது. நிதியில யாரை நாமினியாப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

அக்காவுக்கு ஞாபகம் இல்லை. நிதி அலுவலகத்துக்குப் போனார். கவுண்ட்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க அம்மாவைப் போட்டிருக்கீங்க. அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றான்.

"அது தெரிஞ்சா நானே ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடுவேன்பா."

"முகவரி மாறிடுச்சா?"

"மாறிடுச்சு. இனிமே மாறாது."

பையனுக்கு மெல்லத்தான் விளங்கியது. முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டான். "பரவாயில்லப்பா, அம்மாவுக்கு இந்த மாதிரிப் பேச்சு ரொம்பப் பிடிக்கும்" என்று அக்கா அவனைத் தேற்றினார். அம்மா பெயரை எடுத்துவிட்டு நீச்சல் சங்கத்தின் பெயரைப் போட்டார்கள்.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போடும் முன்னால் வீட்டில் சொல்லிவிடுவது நல்லது என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். அதனால் விடுமுறை நாளொன்றில் தம்பி வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னார்.

தம்பி மகள் முதலில் வாயைத் திறந்தாள். "வீடு எனக்கா அத்தை?"

"நான் போனப்புறம். அவசரப்படாதே."

"எனக்கு அவசரமே இல்ல அத்தை. ஜன்னல் திரையை மட்டும் இப்பவே மாத்திடலாமா? அந்தப் பச்சை தாங்கல."

தம்பி மனைவி அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்க பணம், உங்க இஷ்டம் அண்ணி" என்றாள். குரலில் கொஞ்சம் ஈரம் குறைந்திருந்தாலும் வார்த்தை சுத்தமாக இருந்தது.

தம்பி மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "முடியாமப் போனா ஆள் வெச்சா பார்த்துப்பே?" என்று கேட்டான்.

"ஆமா. சம்பளம் குடுத்து. அதுக்குத்தான் முதல் பங்கு."

அவன் எழுந்து கை கழுவப் போனான். போனவன் திரும்பி வரவில்லை. உள் அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு ஒரு வாரமாகத் தம்பி ஃபோனை எடுக்கவில்லை. அவனுக்கும் பணத்தில்தான் கண் என்று அக்கா வருத்தத்தோடு நினைக்கத் தொடங்கியபோது தம்பி மனைவி கூப்பிட்டாள். "அண்ணி, வீட்ல யார்கிட்டயும் பேசாம உம்முன்னு இருக்கார். நான் அலமாரியைப் பத்திப் பேச்சே எடுக்கல, சத்தியமா. நீங்க வந்து என்னன்னு கேளுங்க."

அக்கா கடைக்குப் போனார். தம்பி வெளியே வந்து வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "கண்ணு டெஸ்ட் பண்ணி நாளாச்சு, உட்காரு" என்றான். சின்ன இருட்டறை. எதிர்ச் சுவரில் எழுத்துகள் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தன. அக்காவின் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு மாற்றினான்.

"இப்ப?"

"தெளிவா இருக்கு."

"இப்ப?"

"மங்குது. என்னடா கோபம் உனக்கு? பணமா?"

"இப்ப?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் கை நின்றது. இருட்டில் முகம் தெரியாதது அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்க வேண்டும். "பணம் யாருக்கு வேணும். அம்மாவை நீயேதான் பார்த்தே. எனக்கு அப்ப கடை, கல்யாணம், கைக்குழந்தை. உனக்குன்னு வரும்போது நான் பார்த்துக்கணும்னு மனசுல வெச்சிருந்தேன்கா. மாடி ரூமைக்கூட உனக்குன்னு யோசிச்சு வெச்சிருக்கேன். நீ என்னடான்னா சம்பளத்துக்கு ஆள்ங்கறே. அப்ப நான் எதுக்கு?"

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. மூக்கில் நழுவிய சட்டத்தை மேலே ஏற்றிக்கொண்டார்.

"அம்மாவைத் தூக்கித் தூக்கி முதுகு போனது போகட்டும். தூக்கி முடிச்சதும் அவங்களோட உட்கார்ந்து பேசக்கூடத் தெம்பு இருக்காதுடா. கடைசி வருஷம் நான் அம்மாகிட்டப் பேசினதெல்லாம் ‘திரும்பு, சாஞ்சுக்கோ, முழுங்கு’. அவ்வளவுதான். எத்தனை கதை சொல்றவங்க. நான் கேக்கவே இல்ல. உன்கூட அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான் ஆள் வெக்கறேன். தூக்கறது, துடைக்கிறது அவங்க பார்க்கட்டும். நீ வந்து உட்கார்ந்து என்கூட ஊர்வம்பு பேசு. அதுக்குச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்க மாட்டாங்க."

தம்பி மூக்கை உறிஞ்சினான். பிறகு, "இப்ப தெரியுதா?" என்றான்.

"கண்ணாடியையே கழட்டிட்டியே. சுவரே தெரியல."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே காத்திருந்த வாடிக்கையாளர், உள்ளே கண் சோதனையில் என்ன சிரிப்பு என்று எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடித்ததும் தம்பி ஒரு நிபந்தனை போட்டான். "உன் உயில்ல என் பேரே இல்ல. எனக்கு வீடு வேண்டாம், காசு வேண்டாம். ஏதாவது வேலை குடு."

வக்கீலம்மா இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சுயநினைவு இல்லாமல் போனால் ஆஸ்பத்திரியில் முடிவெடுக்கத் தம்பி. உயிலை நிறைவேற்றத் தம்பி. அதற்கு முன்னால், வகுப்புப் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று சங்கத்தோடு சேர்ந்து மேற்பார்வை பார்க்கவும் தம்பி.

"எனக்குத் தண்ணின்னாலே ஆகாதேக்கா" என்றான் அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

"உன்னை யார் இறங்கச் சொன்னா? பொம்பளைங்க வகுப்பு. ஆபீஸ் ரூம்ல உட்காரு."

முதல் நாள் வகுப்புக்குச் சலவைப் பிரிவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்தும் நாலைந்து பேர். உடை மாற்றும் அறையில் ஒரே ரகளை. ஒருத்தி உடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முன்பக்கம் எது என்று சண்டை போட்டாள். இன்னொருத்தி கைப்பழக்கத்தில், துணியைத் தடவிப் பார்த்து, இதற்குக் கஞ்சி தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். எல்லோரும் குளத்தோரம் வந்து வரிசையாக நின்றார்கள். நீலத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதில் துவைக்க வேண்டியது எதுவுமே இல்லை.

"யார் முதல்ல?" என்றாள் விசில்.

ஜோடி இறங்கினாள். படிக்கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை. அக்கா தண்ணீருக்குள் அவளுக்கு எதிரே போய் நின்று இரண்டு கையையும் நீட்டினார். "முனையைப் பிடிச்சுக்கோ" என்றார். ஜோடி சிரித்துவிட்டாள். சிரித்ததில் கம்பி கையிலிருந்து நழுவியது. விசில் பின்னந்தலையைத் தாங்கிக்கொள்ள, அவள் கால்கள் மெல்ல மேலே வந்தன. முதலில் பெருவிரல்கள், பிறகு முழங்கால்கள்.

"அக்கா, என்னை யார் பிடிச்சிருக்கா?"

"விசில்தான். பேசாமப் படு."

அலுவலக அறையில் தம்பி வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. தண்ணீரில் இறங்குமுன் பெண்கள் கழற்றிக் கொடுத்த மூக்குக்கண்ணாடிகளை ஒரு தட்டில் வாங்கி வைத்திருந்தான். வகுப்பு முடிவதற்குள் தளர்ந்த திருகுகளை எல்லாம் முடுக்கி, கீறல் விழுந்தவற்றைத் தனியாக எடுத்து வைத்து, "இதெல்லாம் போட்டுக்கிட்டு எப்படித்தான் வேலை பார்க்கறாங்களோ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரத்திலிருந்து கையோடு கருவிப்பெட்டியும் கொண்டுவந்தான்.

சில மாதங்களில் வகுப்பு இரண்டானது. முதுகு தேறிய அக்கா குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக ஆரம்பித்தார். போய்ச் சேர நேரம் ஆகும், வழியில் எல்லோரிடமும் நின்று பேசுவார். வீட்டில் பச்சைத் திரை போய் மஞ்சள் வந்தது. தம்பி வாரத்தில் இரண்டு நாள் கடையைச் சாத்தியதும் நேரே அக்கா வீட்டுக்கு வந்து ஊர்வம்பு பேசிவிட்டுப் போகிறான். அக்காவுக்கு முடியாமல் போகும்வரை காத்திருப்பானேன் என்று கேட்கிறான்.

ஒருநாள் தம்பி மனைவி கூப்பிட்டாள். அலமாரி விஷயம் இல்லை. அதை அவள் தன் கணவனிடமே பேசி முடித்துவிட்டிருந்தாள்.

"அண்ணி, எனக்கும் கழுத்து வலி. உங்க வகுப்புல குடும்பத்துக்கு இடம் உண்டா?"

"இலவச வகுப்புல இடம் இல்லம்மா. அது வேலை பார்த்துக் களைச்சவங்களுக்கு."

"நான் வீட்ல வேலை பார்க்கலையா?"

அக்கா யோசித்தார். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மேற்பார்வையாளரின் மனைவிக்கே இலவசம் என்றால் நாலு பேர் பேசுவார்கள். கடைசியில் தன் சொந்தப் பங்கிலிருந்து ஒரு வருஷக் கட்டணத்தைக் கட்டி அவளை விசிலிடம் சேர்த்துவிட்டார். அந்தச் சின்னத் தொகை எந்தப் பங்கில் வருகிறது என்று வக்கீலம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்.

"அது செலவும்மா. தாராளமாப் பண்ணுங்க" என்றார் வக்கீலம்மா. பிறகு கொஞ்சம் தயங்கி, காலை வகுப்பு எத்தனை மணிக்கு, புதிதாக வருகிறவர்கள் என்ன கொண்டுவர வேண்டும் என்று விசாரித்தார்.